நான் கன்றுக்குட்டியாக வேலை பார்த்த காலம்

என் வயதுக்காரர்கள் பினாங்கில் இன்னும் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எண்ணிப் பார்த்தோம். சொந்தப் பல் உள்ளவர்களைத் தள்ளிவிட்டு எண்ணியதில் ஏழு பேர் தேறினோம். அந்த ஏழு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் தடையில்லை, ஆனால் நடுவில் எழுந்து அங்கே ஏது ஏரி என்று கேட்கக் கூடாது.

ஏரி இருந்தது. ஜார்ஜ் டவுனின் ஓட்டு வீடுகள் முடிந்து, ஆயர் ஈத்தாம் சாலை மலையைப் பார்த்து நடக்கத் தொடங்குகிற இடத்தில், உள்ளே தள்ளி இருந்தது. உண்மையைச் சொன்னால் அது பழைய செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். மழை அதை நிரப்பியது, நாங்கள் ஏரி என்று பெயர் வைத்துக்கொண்டோம். பள்ளத்தின் கரையில் குடியிருக்கிறோம் என்று ஊருக்குக் கடிதம் எழுத முடியுமா? கரையைச் சுற்றி நாற்பது வீடு இருக்கும். வெற்றிலைக் கொடிக்கால், கங்கோங் கீரைப் பாத்தி, மாட்டுக் கொட்டகை, ஒரு பன்றிப் பட்டி. நகரத்துக்காரர்கள் வெற்றிலை போட்டுத் துப்பியதும், கீரை வதக்கித் தின்றதும், காப்பியில் பால் விட்டுக் குடித்ததும் எங்கள் தயவில்தான். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். மழை பெய்தால் கார் நிறுத்துகிற இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அங்கே குடியிருக்கிற என் மருமகள் குறைப்பட்டுக்கொள்கிறாள். நிற்கத்தான் செய்யும்.

சப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடம் முன்பு. எனக்கு ஒன்பது வயது. அப்பா பால்காரர். இரண்டு மாடு கறவையில் இருந்தன. விடியுமுன் கறந்து, துணியில் வடிகட்டி, மூடியுள்ள இரண்டு தகரக் கேன்களில் ஊற்றி, காவுதடியின் இரண்டு முனையிலும் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு நடப்பார். சட்டைக் கையில் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று குத்தியிருப்பார். அது நகரசபை கொடுத்த லைசென்ஸ். வில்லை இல்லாமல் யாரும் பால் விற்க முடியாது. அம்மா தாலியை மஞ்சள் பூசிக் கவனித்ததைவிட அப்பா அந்த வில்லையைப் புளி போட்டுத் துலக்கியது அதிகம்.

எனக்கும் வேலை இருந்தது. எங்கள் செவலைப் பசுவின் கன்று பிறந்து எட்டாம் நாள் செத்துப்போனது. கன்று இல்லாமல் பசு பால் இறக்காது. அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்று மூக்கை நோண்டிக்கொண்டிருந்தபோது அது என் கழுத்தை நக்கிற்று. உடனே மடி இறங்கியது. அன்று முதல் கறக்கும் நேரத்தில் நான் அதன் முன்னால் நிற்க வேண்டும், அது என்னை நக்க வேண்டும். உப்புத்தாள் போன்ற நாக்கு. நான் பிறகு ஆசிரியையாக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். ஆனால் என் முதல் உத்தியோகம் கன்றுக்குட்டி. அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

எங்கள் கொட்டகைக்கு அடுத்தது நோனியாவின் பன்றிப் பட்டி. கணவனை இழந்த சீனப் பெண்மணி. அவளுக்குப் பெயர் இருந்திருக்கும், எங்களுக்கு நோனியாதான். ஏரியில் பாதிக்குமேல் ஆகாயத்தாமரை மூடியிருக்கும். ஊதாப் பூவோடு பார்க்க நன்றாயிருக்கும், வேறு பிரயோசனம் இல்லை என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். நோனியா கறுப்புக் கால்சட்டையைத் தொடைக்குமேல் சுருட்டிக்கொண்டு நீரில் இறங்கி, அரிவாளால் அதை அறுத்து வந்து, நறுக்கி, தவிட்டோடு பெரிய குவாலிச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைப்பாள். இரண்டு தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் அதைத் தின்றுதான் வளர்ந்தன. கொதிக்கும்போது வரும் வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அவிந்த கீரையும் ஈரக் கோணிப்பையும் கலந்த ஒரு வாசனை. நல்ல வாசனை என்று சொன்னால் அம்மா எழுந்து வந்து அடிப்பாள், அவள் போய் நாற்பது வருடம் ஆனாலும்.

அந்தத் தை மாதம் மழை அடியோடு நின்றுவிட்டது. சாலையோரப் புல் எல்லாம் காய்ந்து தேங்காய் நார் மாதிரி ஆயிற்று. பாலிக் பூலாவிலிருந்து வரும் வைக்கோலையே மாடுகள் மென்றுகொண்டிருந்தன. ஒரு காலையில் நோனியா ஒரு கட்டு ஆகாயத்தாமரையை எங்கள் வேலிக்கு மேலே வீசினாள். "அப்பா, காசி மாடு. மாடு சுக்கா லா," என்றாள். என்னைக் கேட்டு அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்; மாட்டுக்குக் கொடு, அதற்குப் பிடிக்கும் என்று அவளுடைய மலாய்த் தமிழில் அர்த்தம். செவலை அதை வேரோடு தின்றது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பன்றி தின்கிறதை மாடு தின்னலாமா, அந்தப் பாலைத்தானே முருகனுக்கும் ஊற்றுகிறோம் என்பது அவள் கட்சி. அப்பா, மாட்டுக்குப் பசி என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

முருகன் பேச்சு வந்துவிட்டதால் என் பாவத்துக்கு வருகிறேன்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உனக்குத் தலையும் நிற்காது காலும் நிற்காது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். என் தலை நிற்கும் என்று நிரூபிப்பதற்காக ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஒத்திகை பார்த்தேன். அப்பா கறந்து ஊற்றிவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். மஞ்சள் துணி கிடைக்காததால் அம்மாவின் பழைய பாவாடையைச் சுற்றிக்கொண்டேன். வாயில் இரண்டு வேப்பிலை. காய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, மூடி போடாத ஒரு கேனைத் தூக்கித் தலையில் வைத்து, கீழே இறங்கி நடந்தேன். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியில் எனக்கு அருள் வந்ததாக நினைவு. மூன்றாவது அடியில் பால் வந்தது, கேனில் பாதி, என் தலை வழியாக.

ஒன்பது வயதில் என் மூளை வேலை செய்த வேகம் பிறகு ஒருநாளும் செய்யவில்லை. பால் குறைந்தால் அப்பா கண்ணால் பார்க்கத் தேவையில்லை, காவுதடி ஒரு பக்கம் தூக்கிக்கொடுத்துவிடும். ஆகவே பத்தடி தூரத்தில் இருந்த ஏரிக்கு ஓடினேன். துணியால் வடிகட்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு கேனையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, எடை சரியாகும்வரை ஊற்றினேன். வேலையில் குறை வைக்கவில்லை. தரையில் கிடந்த பாலுக்கு மேல் சாணியை மெழுகிவிட்டேன். அப்பா வந்து, இருட்டில் என்னைக் கவனிக்காமல் தடியைத் தூக்கினார். தடி நேராக நின்றது. அவர் போய்விட்டார். செவலை மட்டும் வெகுநேரம் என் தலையை நக்கிக்கொண்டிருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் என் பின்னலில் எறும்பு ஊர்ந்தது. தடயம் என்றால் அதுதான் தடயம். ஆனால் ஆசிரியை பேன் என்று நினைத்துத் தள்ளி உட்காரவைத்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கேனும் காலியாக வாசலில் கவிழ்ந்திருந்தன. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பால் சோதிக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, சைக்கிள். நாங்கள் பால் ஐயா என்போம். கண்ணாடிக் குழல் ஒன்றைப் பாலில் மிதக்கவிடுவார். நல்ல பால் என்றால் குழல் நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் முங்கும். அன்று காலை அவர் அப்பாவைச் சாலையில் நிறுத்தியிருக்கிறார். ஒரு கேனில் குழல் நின்றது. மற்றதில் கழுத்துவரை முங்கிற்று. பாலைச் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன், அன்றும் இப்படி இருந்தால் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்றாராம்.

அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கோபம் இருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஆச்சரியம்தான் இருந்தது. "நான் ஊத்தல. நீ ஊத்தல. பின்ன தண்ணி எப்படி வந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். மூன்றாவதாக ஒரு ஆள் வீட்டில் இருப்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. என்னை எப்போதும் தொல்லை என்று சொல்வார்கள், ஆனால் திறமை இருக்கும் என்று எதிர்பார்த்ததில்லை.

விளக்கம் கொடுத்தவர் கொடிக்கால் மாமா. வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். எதைப் பற்றிக் கேட்டாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டு பதில் சொல்வார். அன்று மாலை எங்கள் வாசலில் ஏழெட்டு ஆண்கள் கூடினார்கள். மாமா வேலியோரம் கிடந்த ஆகாயத்தாமரை ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். இதன் உடம்பு முழுக்கத் தண்ணீர், மாடு இதைத் தின்றால் மடியில் வேறு என்ன வரும் என்றார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, நான் அன்றைக்கே சொன்னேன் என்றாள்.

நான் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்குக் கைவராத எத்தனையோ சந்தர்ப்பங்களில் அது ஒன்று. "ஆமா மாமா. நானும் நேத்து ஒண்ணைப் புழிஞ்சு பாத்தேன், தண்ணியா ஒழுகுச்சு," என்றேன். மாமா என் தலையில் தட்டி, பாருங்கள், பிள்ளைக்கே தெரிகிறது என்றார்.

அதோடு தீர்ப்பு ஆயிற்று. இத்தனை வருடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஏழெட்டுப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பொய்யை அவ்வளவு நன்றியோடு வாங்கிக்கொண்டதை மறுபடி பார்க்கவில்லை.

செய்தி நகரத்து வாடிக்கையாளர்களிடமும் போய்விட்டது. அப்பா ஒரு முடிவு செய்தார். கேன் இல்லை, காவுதடி இல்லை. மாட்டையே ஓட்டிப்போய் ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் கண்ணெதிரே கறப்பது. இந்தியாவில் நம் ஊர்ப்பக்கம் அப்படித்தான் செய்வார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். பழி விழுந்தது செவலைமீது, அது போனால் கன்றும் போக வேண்டும். ஆக, குற்றவாளியைத் தினமும் நாலு மைல் நடக்கவைத்தார்கள், தண்டனை என்று தெரியாமலே.

அந்த ஆறு நாளும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா கயிறு பிடித்து முன்னால், செவலை நடுவில், செம்பும் விளக்கெண்ணெயும் தூக்கிக்கொண்டு நான் பின்னால். கம்பியில் ஓடுகிற டிராலி பஸ்ஸைச் செவலை அதற்குமுன் பார்த்ததில்லை. பஸ் உறுமியதும் அது ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்தது. ஒரு வக்கீல் வீட்டு வாசலில், வக்கீல் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக் காரில் ஏறும் நேரம், மாடு தன்னால் முடிந்ததைக் கார்ப் படியில் போட்டது. இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று எழுதுகிறோமே, அந்தத் தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் நானா காப்பிக்கடை வைத்திருந்தார். அவர் கடைவாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பாலக் கேட்டா மாட்டையே கூட்டிக்கிட்டு வந்துட்டீரு. நாளைக்குச் சீனி கேட்டா கரும்புத் தோட்டத்தத் தூக்கிக்கிட்டு வருவீரோ?"

கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து கறந்தார். தெருவே பார்க்க, பசு என் காதையும் கழுத்தையும் நக்கிற்று. பள்ளித் தோழி ஒருத்தி அந்தப் பக்கமாகப் போனாள். நான் தெரியாத கன்றுபோல் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுத்தம் செய்தார்கள். மற்ற மாட்டுக்காரர்களுக்கும் பயம் வந்துவிட்டது. தங்கள் மாடுகள் தாங்களாகவே இறங்கித் தின்றுவிட்டால்? இருபது ஆண்கள் மூங்கில் கழிகளோடு இறங்கினார்கள். மாமா கரையில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டு உத்தரவு போட்டார். ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையில் குவித்து வெயிலில் காயப் போட்டார்கள். உண்மையில் அழகாக இருந்தது. அதுவரை அந்த ஏரிக்குள் வானம் தெரிந்து நான் பார்த்ததில்லை.

நோனியா முதலில் சிரித்தபடி வந்தாள். தனக்காக அறுத்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பிறகு எல்லாமே போகப்போகிறது என்று புரிந்தது. மாமாவிடம் போய்ப் பேசினாள். அவர் மாடு, பால், தண்ணீர் என்று கையால் காட்டினார். அப்பாவிடம் வந்தாள். "என் பாபி என்ன மக்கான்?" என்றாள். பன்றி எதைத் தின்னும் என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, வில்லை போய்விடும் நோனியா என்று மட்டும் சொன்னார். அவள் கரையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த கட்டுக்குத் திரும்பி வந்தாள். இருட்டும்வரை தூக்கினாள். இரண்டு நாளில் எல்லாம் அழுகிவிடும் என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. பால் ஐயாவின் அலுவலக முற்றத்துக்கே மாட்டை ஓட்டிப் போனோம். அங்கேயே கறக்கிறேன் என்று அப்பா சொன்னார். குமாஸ்தாக்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். நான் என் இடத்தில் நின்றேன். செவலை நக்கிற்று. மாடு வழியிலெல்லாம் பயந்து, இளைத்துப்போயிருந்தது. பால் நிஜமாகவே தண்ணீராக வந்தால்? பால் ஐயா குழலை விட்டார். அது நேராக நின்றது. அப்பா மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

அப்பா அவரிடம் ஆகாயத்தாமரைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். ஏரியையே சுத்தம் செய்துவிட்டோம் என்றார். பால் ஐயா குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "மாடு எதைத் திண்டாலும் பால் அவ்வளவு தண்ணியாகாது கண்டியோ. அதுவும் ஒரு கேனுக்கு மட்டும். அண்டைக்கு ஆரோ ஊத்தியிருக்கினம்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அப்பா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். மரநிழல் ஒன்று வந்ததும் நின்றார்.

"நீயா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

பால்குடம் என்றேன். மீதியும் அழுகையோடு தானாக வந்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டயும் வேணாம். பால் ஐயாவுக்குத் தெரிஞ்சா வில்ல போயிரும். இருபது பேரு தண்ணியில எறங்கியிருக்கான், இப்பப் போயி என் புள்ளதான்னு எப்படிச் சொல்றது?" என்றார். எனக்கு அப்பாமீது அன்று வந்த அன்பு அதற்குமுன் வந்ததில்லை. இன்று நான் அன்றைய அப்பாவைவிட நாற்பது வயது மூத்தவள். அந்த இடத்தில் அவர் என் காதைத் திருகி, நேராக மாமா வீட்டுக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஊர் ஒரு வாரம் சிரித்திருக்கும், அவ்வளவுதான்.

பதிலுக்கு அவர் வேறொன்று செய்தார். மறுபடி காவுதடி எடுத்த நாளிலிருந்து, திரும்பி வரும் வழியில் காய்கறிப் பாசாரில் இறங்கி, கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலைகளைக் கோணிப்பையில் கட்டித் தூக்கிவந்து நோனியா வேலியில் போட்டார். பால்காரர் பன்றிக்குச் சோறு சுமக்கிறார் என்று ஊரில் பேச்சு. அம்மா கேட்டதற்கு வழியில் கிடந்தது என்றார். தினமும் எப்படி வழியில் கிடக்கும் என்று அம்மா கேட்டாள். மறுநாளும் கிடந்தது. ஆனால் ஒரு கோணிப்பை இலை இரண்டு தாய்ப்பன்றிக்கு எந்த மூலைக்கு? தைப்பூசம் முடிந்த வாரம், நோனியா ஒரு தாய்ப்பன்றியையும் குட்டிகளையும் விற்றாள். மூங்கில் கூடையில் அதைத் திணித்து லாரியில் ஏற்றினார்கள். அது போட்ட சத்தத்தில் செவலை பால் இறக்க மறுத்தது. நான் அன்று நன்றாகத்தான் நின்றேன். இருந்தும் இறக்கவில்லை.

அன்று மாலை நோனியாவிடம் போனேன். அப்பா சொல்லக் கூடாது என்ற பட்டியலில் நோனியா பெயர் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அவள் காலியான பாதிப் பட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த மலாயும் கை ஜாடையுமாகச் சொன்னேன். கேன், என் தலை, பால், ஏரி. நாடகம் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றியதை இரண்டு தடவை ஆடினேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திட்டினால் புரியாது என்ற தைரியம் எனக்கு இருந்தது. அவள் திட்டவில்லை.

"அப்பா தவ்?" என்றாள். அப்பாவுக்குத் தெரியுமா?

தெரியும் என்றேன்.

அவள் எங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள். நான் நின்றேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஆகாயத்தாமரையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒரு துண்டு வேர் மிஞ்சினாலும் போதும் அதற்கு. மழை வருவதற்கு முன்பே ஏரி ஓரங்களில் பச்சை படர்ந்தது. சித்திரையில் பாதி ஏரி மூடிவிட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு, இனி மாட்டுக்குப் போடாமல் இருந்தால் போதும் என்று தீர்ப்பைத் திருத்தினார். இருபது பேரும் தங்கள் மூங்கில் கழிகளைத் துணி காயப்போட எடுத்துப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை நோனியா வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள். கையில் இரண்டு அரிவாள். சின்னதை என்னிடம் கொடுத்தாள். "நீ தண்ணி ஊத்து. இப்போ தண்ணி உள்ளே மாரி," என்றாள். பாலில் தண்ணீர் ஊற்றினாய், இப்போது நீ தண்ணீருக்குள் வா என்கிறாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அடிச்சேறு குளிர்ந்து கால் விரல்களுக்கு நடுவே பிதுங்கியது. எப்படி வேருக்குமேல் பிடித்து அறுப்பது என்று காட்டினாள், நான் தவறாக அறுத்தபோதெல்லாம் சீனத்தில் எதையோ முணுமுணுத்தாள்.

அந்தக் கோடையில் மழை சரியாகப் பெய்யவில்லை. எங்கள் மாடுகளுக்கு வைக்கோல்தான். மார்பளவு பச்சையை அணைத்துக்கொண்டு நான் கரையேறியபோது, செவலை கொட்டகை வாசலில் கட்டியிருந்தது. அது என்னைப் பார்த்தது, கையில் இருந்ததைப் பார்த்தது, கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. கன்றைக் கூப்பிடுகிற குரல் அல்ல, பசிக் குரல். அப்பா உள்ளே இருந்து வந்தார். எதிர்க்கரையில் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பல் துலக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அப்பா என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார், எதிர்க்கரையையும் பார்த்தார். பிறகு மாட்டின் கயிற்றை அவிழ்த்து, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டினார்.